ஒரே ஆள், ரெண்டு அக்கவுன்ட்: பழைய எவர்குவெஸ்ட்டுக்கும் டயாப்லோ 2-க்கும் இந்த மூன்று மிஷின் போதுமா?

தகடூரான் (தர்மபுரி)

வணக்கம். எவர்குவெஸ்ட், டயாப்லோ 2 மாதிரி அந்தக் காலத்து ஆன்லைன் கேம்களை அந்தக் காலத்து முறையிலேயே வீட்டில் அமைக்க வேண்டும். ஒரே ஆள், ரெண்டு அக்கவுன்ட், ரெண்டு ஸ்கிரீன். நெட் பிஎஸ்என்எல் ஃபைபர். கைவசம் உள்ளவை:

செலரான் 500, இன்டெல் 810 போர்டு, 128 எம்பி ராம், விண்டோஸ் 98 எஸ்இ, 15 இன்ச் சிஆர்டி. கிருஷ்ணகிரியில் மூடிய பிரவுசிங் சென்டர் ஒன்றின் சரக்கு.

பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 845ஜிவி போர்டு, 512 எம்பி, எக்ஸ்பி எஸ்பி2, 17 இன்ச் எல்சிடி.

எல்காட் இலவச லேப்டாப். பென்டியம் பி950, 2 ஜிபி, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்.

கேள்விகள்: எவர்குவெஸ்ட் ஆடியவர்கள் ஆரம்பத்தில் ரெண்டாவது அக்கவுன்ட்டுக்காக ரெண்டாவது கம்ப்யூட்டரே வாங்கினார்கள் என்கிறார்கள். ஒரே மிஷினில் ரெண்டு விண்டோ திறக்க என்ன தடை? இப்போது சில சர்வர்களில் 'ட்ரூபாக்ஸ்' என்று ஒரு விதி, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கிளையன்ட் (நம்ம மிஷினில் ஓடும் கேம் புரோகிராம்) மட்டும்தான். அதை இந்த மூன்றை வைத்துச் சமாளிக்கலாமா? சித்தப்பா பையனும் இதே வீட்டில் இருந்து அவன் அக்கவுன்ட்டில் வருவான். ஒரே ஐபி என்று ரெண்டு பேரையும் தூக்கிவிடுவார்களா? கடைசியாகக் கரண்ட். ஒரே ஒரு 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது.

---

கேஆர்பி_டேம் (கிருஷ்ணகிரி)

முதல் கேள்வியும் மூன்றாவதும் ஒரே விஷயத்தின் ரெண்டு முனை என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

எவர்குவெஸ்ட் வெளிவந்தது 1999 மார்ச் 16. பென்டியம் 166, 32 எம்பி ராம், கட்டாயமாக ஒரு 3டி கார்டு கேட்டது. அன்றைய 3டி கார்டில் வூடூ, வூடூ 2 இரண்டும் 3டி வேலை மட்டுமே செய்பவை. சாதாரண விஜிஏ கார்டில் இருந்து ஒரு கேபிள் இந்தக் கார்டுக்குள் போய் மானிட்டருக்கு வரும். கேம் ஓடத் தொடங்கியதும் கார்டு திரை முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதைப் பிடித்து வைத்திருக்க முடியும். இதற்கு மேல் கேமே ஆல்ட்-டேப் அடித்தால் வெளியே தள்ளிவிடும். கம்பெனியே விண்டோ மோடு கொடுக்கும் வரை, வெளியாட்கள் எழுதிய ஒரு சின்ன டூலை நம்பித்தான் பலர் ஓட்டினார்கள். அது மாட்டினால் அக்கவுன்ட் போகும் என்ற பயமும் இருந்தது.

ராம் இன்னொரு முட்டுக்கட்டை. 64 எம்பி மிஷினில் ரெண்டு கிளையன்ட் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஸ்வாப் பண்ணிக்கொண்டே கிடக்கும். ஒரு கேரக்டர் ஸோன் (கேம் உலகின் ஒரு பகுதி) மாறும்போது மற்றது உறைந்து நிற்கும். உறைந்து நிற்பது ஹீலர் (கூட இருப்பவர்களின் காயத்தை ஆற்றும் கேரக்டர்) என்றால் ஆட்டம் முடிந்தது. அதனால் ரெண்டு அக்கவுன்ட் என்றால் ரெண்டு கேபினட். அது ஆடம்பரம் அல்ல, வேறு வழி இல்லை.

ரெண்டாவது அக்கவுன்ட்டின் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த கேமில் ஒரு குரூப்புக்கு 6 பேர். தனியாக ஆடினால் பல கிளாஸ்கள் (கேரக்டர் வகைகள்) ஒரு லெவலுக்கு மேல் திணறும். கூட ஒரு கிளெரிக் (ஹீலர் வகை) நின்றாலே வேகம் மாறிவிடும். அடுத்து வியாபாரம். 2001 டிசம்பரில் வந்த லக்லின் எக்ஸ்பான்ஷனில் பஸார் என்று ஒரு சந்தை ஸோன் கொடுத்தார்கள். கடை போட்ட கேரக்டர் அன்று லாகினிலேயே நிற்க வேண்டியிருந்தது, அப்போதுதான் சரக்கு விற்றது. ராத்திரி முழுக்கக் கடை திறந்திருக்க ஒரு அக்கவுன்ட், வேட்டைக்குப் போக இன்னொன்று. ராக்னராக் ஆன்லைனிலும் இதே கதை. மெர்ச்சன்ட் தள்ளுவண்டியோடு உட்கார்ந்திருக்கும் வரைதான் கடை. வெண்டிங் லெவல் 10 போட்டால் 12 பொருள் வைக்கலாம், ஆனால் கிளையன்ட் மூடினால் கடையும் மூடும். 2003-ல் வந்த ஈவ் ஆன்லைனில் காரணமே வேறு. ஸ்கில் பயிற்சி நிஜ நேரத்தில் ஓடும், அன்று ஒரு அக்கவுன்ட்டில் ஒரு கேரக்டருக்குத்தான் ஓடியது. ரெண்டு பைலட் ஒரே சமயத்தில் வளர வேண்டுமா, ரெண்டு சந்தா கட்டு.

இப்போது நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஒரு மிஷினை ஆன் பண்ணி வைக்க, அது உங்கள் சொந்த மிஷினாக இருக்க வேண்டும். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் பிரவுசிங் சென்டரில் அது கனவு. சொந்த கம்ப்யூட்டர் இருந்தாலும் டயல்-அப்பில் போன் லைன் பிடிபட்டுக் கிடக்கும், பல்ஸ் கணக்கில் பில் ஏறும். பிஎஸ்என்எல் டேட்டாஒன் 2005 ஜனவரியில் வந்து, 256 கேபிபிஎஸ்ஸும் ராத்திரி 2 முதல் காலை 8 வரை கணக்கில் வராத டேட்டாவும் கொடுத்த பிறகுதான் 'ஓடவிட்டுத் தூங்குவது' இங்கே சாத்தியமானது.

எந்த கேமாக இருந்தாலும் 'மல்டி அக்கவுன்ட் அனுமதி உண்டா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். சர்வர் எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். சிடி கீயை எண்ணலாம், மிஷினை எண்ணலாம், ஐபியை எண்ணலாம், ஆளை எண்ணலாம். டயாப்லோ 2 ஓடிய பேட்டில்.நெட் சர்வர் எண்ணியது சிடி கீயை. ட்ரூபாக்ஸ் எண்ணுவது மிஷினை. ஓகேம், ட்ராவியன் மாதிரி பிரவுசர் கேம்களின் விதி ஆளை எண்ணியது, ஒரு ஆளுக்கு ஒரு சர்வரில் ஒரு அக்கவுன்ட். ஆனால் ஆளைக் கண்ணால் பார்க்க முடியாதே, அதனால் ஐபியையும் குக்கியையும் வைத்து ஊகித்தார்கள். ஒரு பிரவுசிங் சென்டரில் எட்டு மிஷினும் ஒரே ஐபியில்தான் வெளியே போகும். அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து ஒருவர் கிராமத்துக்கு இன்னொருவர் சரக்கு அனுப்பினால், சர்வரை நடத்துபவனுக்கு அது ஒரே ஆள் மாதிரியேதான் தெரியும். இதற்காகவே ஓகேமில் ஐபி பகிர்வை முன்கூட்டியே சொல்லும் வழக்கம் இருந்தது. ட்ராவியனில் மல்டிஹன்டர் என்று இதற்கே ஒரு பதவி. ஊருக்குப் போகும்போது பாஸ்வேர்டைக் கொடுக்காமல் நண்பரைக் காவலுக்கு வைக்க 'சிட்டர்' வசதியும் உண்டு.

உங்கள் சித்தப்பா பையன் விஷயத்துக்கு அடுத்தவர்கள் சொல்லட்டும். அது எந்த சர்வர் என்பதைப் பொறுத்தது.

---

ஓசூர்_மெக்கானிக்

மிஷின் பக்கம் நான். முதலில் கெட்ட செய்தி. இன்றைய அதிகாரபூர்வ எவர்குவெஸ்ட் இந்த மூன்றில் எதிலும் ஓடாது.

கிளையன்ட் 64 பிட்டுக்கு மாறிவிட்டது, டைரக்ட்எக்ஸ் 11 கேட்கிறது. எக்ஸ்பியும் 98-ம் பேச்சுக்கே இடமில்லை. லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. பி950 சிப் 64 பிட் தாங்கும், வேறு விண்டோஸ் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது சாண்டி பிரிட்ஜ் காலத்து சிப், உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1-லேயே நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் கார்டு மாற்ற வழியில்லை. அதற்காக ஓஎஸ் மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ட்ரூபாக்ஸ் விதி வந்தது 2015 டிசம்பரில் ஃபினிகல் சர்வரோடு. ஒரு பிசியில் ஒரு கிளையன்ட்தான் லாகின் ஆகும். பின்னால் வந்த சில சர்வர்களில் தளர்வு உண்டு, சிலவற்றில் இந்த விதியே இல்லை. சேரும் சர்வரின் அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அந்தப் பழைய எக்ஸ்பான்ஷன் வரிசையில் திறக்கும் சர்வர்களுக்கு ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் சந்தா வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரெண்டு அக்கவுன்ட் என்றால் ரெண்டு சந்தா, மாதாமாதம், டாலரில்.

அதற்கு மிஷின் வேண்டுமென்றால், ஆபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட ஐ5 நான்காம் தலைமுறை டெஸ்க்டாப் ரெண்டு வாங்குங்கள். ஹெச்டி 4600 கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 11.1 வரை போகும். 8 ஜிபி ராம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 64 பிட் விண்டோஸ் 10. தனி கார்டு அவசியமில்லை. ஓசூரில் இருந்து பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம்தான், அங்கே இந்தச் சரக்கு குவிந்து கிடக்கும். வாங்கும்போது ரெண்டும் ஒரே மாடலாகப் பார்த்து எடுங்கள். ஒன்றில் செட்டிங் சரி செய்து எஸ்எஸ்டியை குளோன் பண்ணி மற்றதில் போட்டால் பாதி வேலை மிச்சம். ஒன்றின் எஸ்எம்பிஎஸ் போனால் மற்றதை மாட்டிச் சோதிக்கலாம்.

இருக்கும் மிஷினிலேயே பழைய எவர்குவெஸ்ட் வேண்டும் என்றால் ப்ராஜெக்ட் 1999 என்ற ரசிகர் சர்வர் இருக்கிறது. 2009-ல் திறந்தது. 2015-ல் கேமை வைத்திருக்கும் டேபிரேக் நிறுவனத்தோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது, அதனால் திருட்டுத்தனம் கிடையாது. டைட்டானியம் எடிஷன் கிளையன்ட் கேட்கும். உங்கள் லேப்டாப் அதற்குத் தாராளம்.

பி4-ல் இழுக்கும். 845ஜிவி போர்டில் ஏஜிபி ஸ்லாட் (அந்தக் காலத்து கிராபிக்ஸ் கார்டுக்கான இடம்) கிடையாது, 845ஜி-யில் இருக்கும், ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆகவே பிசிஐ கார்டு மட்டுமே மாட்டலாம். ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 பிசிஐ கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம், ராமையும் 1 ஜிபி ஆக்குங்கள். கார்டு மாட்டும் முன் போர்டில் சிபியு சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருப்பது சகஜம். உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் ரகமாக மாற்றி சால்டர் வைக்கச் சொல்லுங்கள். சாதாரண ரகம் வைத்தால் சில மாதத்தில் திரும்பவும் ஹேங் ஆகும்.

செலரான் 500-ல் டைட்டானியம் வேண்டாம். 810 சிப்செட்டின் கிராபிக்ஸ் மெயின் ராமிலிருந்துதான் கடன் வாங்கும், அதிலும் ஏஜிபி இல்லை.

---

பாலக்கோடு_தக்காளி

ஒரே நல்ல பிசியில் விர்ச்சுவல் மிஷின் (சாஃப்ட்வேராலேயே உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு ரெண்டு கிளையன்ட் ஓட்டினால் செலவு மிச்சமாகுமே? ரெண்டு டெஸ்க்டாப் எதற்கு?

---

ஓசூர்_மெக்கானிக்

அது ட்ரூபாக்ஸை ஏமாற்றும் வழி. மாட்டினால் போவது சந்தா கட்டிய அக்கவுன்ட். விதி மிஷினை எண்ணுகிறது என்று மேலே ஒருவர் சொன்னாரே, விர்ச்சுவல் மிஷின் மிஷின் கணக்கில் வராது. விதி இல்லாத சர்வரில் விர்ச்சுவல் மிஷினே தேவையில்லை, ரெண்டு விண்டோ நேராகத் திறக்கும். ஆக எந்தப் பக்கமும் அதற்கு வேலை இல்லை.

எஃப்எக்ஸ் 5200 பற்றி ஒரு எச்சரிக்கை: பிசிஐ ரகம் இப்போது அபூர்வம் என்று சொல்லி அநியாய விலை கேட்பார்கள். அந்தக் காசுக்கு நான் சொன்ன ஐ5 டெஸ்க்டாப் பக்கம் போய்விடலாம்.

---

அரூர்_கிளெரிக்

ப்ராஜெக்ட் 1999 போகிறீர்கள் என்றால் ரெண்டு விஷயத்தை இன்ஸ்டால் பண்ணும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, அங்கே ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் ஒரு கேரக்டர்தான். ரெண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும், ரெண்டு அக்கவுன்ட் வைத்திருந்தாலும், ரெண்டையும் ஒன்றாக லாகின் செய்யக்கூடாது. 'அந்தக் காலத்து மாதிரி ரெண்டு ஸ்கிரீன்' என்ற உங்கள் ஆசை அந்த சர்வரில் நடக்காது. 1999-ஐ அவ்வளவு அச்சாகக் காப்பாற்றுகிறவர்கள் இதை மட்டும் தடுத்திருப்பது வேடிக்கைதான், ஆனாலும் சரியான முடிவு என்பது என் கட்சி. இன்றைய மிஷினில் ஆறு கிளையன்ட் அனாயாசமாக ஓடும். அன்று கம்ப்யூட்டர் விலையே போட்டுவைத்த கடிவாளம் இன்று இல்லை.

ரெண்டு, உங்கள் தம்பி. ஒரே ஐபியில் இருந்து ரெண்டு பேர் ஆட வேண்டுமானால் ஐபி எக்ஸெம்ப்ஷன் என்று ஒரு அனுமதி கேட்க வேண்டும். ரெண்டு பேரின் அக்கவுன்ட் விவரத்தையும் கொடுத்து, ஒரே வீட்டில் ரெண்டு தனி ஆட்கள் என்று எழுத வேண்டும். கிடைக்கும் வரை ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுங்கள். அனுமதி வந்த பிறகும் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் கிளெரிக்கை நீங்கள் ஓட்டாதீர்கள். ரெண்டு கேரக்டரும் ஒரே தாளத்தில் நகர்வதைப் பார்த்தாலே ஆள் ஒன்றா ரெண்டா என்று ஜிஎம் (சர்வரைக் கண்காணிப்பவர்) கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, சிஜிநாட். இப்போது பல நெட் கம்பெனிகள் ஒரே பொது ஐபிவி4 முகவரியை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, மொபைல் நெட்டில் இது ரொம்ப சகஜம். ரவுட்டரில் வான் (WAN, வெளி நெட் இணைப்பு) பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் நீங்கள் பகிர்வில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அதே ஐபியில் அதே சர்வருக்கு வர வாய்ப்பு உண்டு. பழைய பிரவுசிங் சென்டர் தலைவலி தெரு அளவுக்குப் பெரிதானதுதான் இது. அனுமதி கேட்கும்போதே இதையும் எழுதிவிடுங்கள். முடிந்தால் நெட் ஆபீசில் ஸ்டாட்டிக் ஐபி கேட்டுப் பாருங்கள்.

ட்ரூபாக்ஸ் சர்வரில் ரெண்டு மிஷின் ஓட்டும்போது கைப்பழக்கம் வேறு. ரெண்டாவது கேரக்டரை முதல் கேரக்டரின் பின்னால் ஸ்லாஷ் ஃபாலோ என்ற கமாண்ட் போட்டு இழுத்துப் போகலாம். ஆனால் அது நேர்கோட்டில்தான் நடக்கும், வாசல் மூலையில் சுவரை முட்டிக்கொண்டு நின்றுவிடும். திருப்பத்தில் முன்னால் போகிறவர் கொஞ்சம் நின்று, பின்னால் வருகிறவர் சேர்ந்த பிறகே திரும்ப வேண்டும். பாலத்தில், லிஃப்டில் ஃபாலோவை நம்பவே கூடாது, கையால் ஓட்டுங்கள். ஹீலர் பக்கம் சோஷியல் பட்டனில் ஐந்து வரி எழுதலாம்: முதல் வரியில் ஸ்லாஷ் டார்கெட், அடுத்ததில் ஸ்லாஷ் பாஸ், அதற்கடுத்து ஸ்லாஷ் காஸ்ட். பாஸுக்குப் பின் வரும் எண் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, 10 போட்டால் ஒரு வினாடி. ஒரே கீயை ரெண்டு மிஷினுக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் அதை 2020 நவம்பரில் தடை செய்தார்கள், அங்கே பல அக்கவுன்ட் வைப்பது இன்னும் குற்றமல்ல, ஒரு கீயில் பல கேரக்டரை ஆட்டுவதுதான் குற்றம்.

---

தகடூரான்

தெளிவாகிவிட்டது. லேப்டாப்பும் தம்பியின் மிஷினும் ப்ராஜெக்ட் 1999-க்கு, ஆளுக்கு ஒரு கேரக்டர். ஐ5 பிறகு பார்க்கலாம். செலரானையும் பி4-ஐயும் வைத்து நான் ஒருவனே ரெண்டு ஸ்கிரீனில் ஆட டயாப்லோ 2 சரிப்படுமா? நெட்டே வேண்டாம், வீட்டுக்குள் லேன் போதும். ஒரிஜினல் சிடி, எக்ஸ்பான்ஷனோடு, ரெண்டு செட் இருக்கிறது. கேவிஎம் ஸ்விட்ச் (ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை மிஷினுக்கு மிஷின் மாற்றுவது) ஒன்றும் கிடக்கிறது, பிஎஸ்2, விஜிஏ, ரெண்டு போர்ட்.

---

கேஆர்பி_டேம்

சரிப்படும், இதுதான் உங்கள் ரெண்டு மிஷினுக்கும் பொருத்தமான கேம். 2000-ல் வந்தது, கேட்பது பென்டியம் 233, 64 எம்பி. செலரான் 500-ல் நிம்மதியாக ஓடும்.

முதலில் வயர். ரெண்டே மிஷின், நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் இல்லை என்றால் கிராஸ் கேபிள்: ஒரு முனை டி568ஏ, மறுமுனை டி568பி வரிசையில் க்ரிம்ப் பண்ண வேண்டும். பழைய ரியல்டெக் 8139 கார்டுகளில் இது அவசியம், புதிய கார்டுகள் மாதிரி தானாகத் திருப்பிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஐந்து போர்ட் ஸ்விட்ச் கிடைத்தால் நேர் கேபிளே போதும், அதுவே நல்லது. அந்த ஸ்விட்ச்சை ஃபைபர் ரவுட்டரில் செருகாதீர்கள். 98-ம் எக்ஸ்பியும் நெட் பக்கமே போகக்கூடாது.

98 மிஷினில் டிசிபி/ஐபி சேர்க்கும்போது அது விண்டோஸ் சிடியைக் கேட்கும், பாதியில் கேப் ஃபைல் காணவில்லை என்று அழும். சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை அப்படியே சி டிரைவில் காப்பி பண்ணி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், கேட்கும்போது அந்த இடத்தைக் காட்டுங்கள். ஐபி கையால் கொடுங்கள்: 98-க்கு 192.168.50.1, எக்ஸ்பிக்கு 192.168.50.2, மாஸ்க் ரெண்டுக்கும் 255.255.255.0, கேட்வே காலி. 98-ல் ரீஸ்டார்ட் ஆனபின், எக்ஸ்பியில் இருந்து பிங் அடித்துப் பதில் வந்தால்தான் கேமைத் தொடுங்கள்.

கேம் இன்ஸ்டால் ஆனதும் வீடியோ டெஸ்ட் வரும். 810 மிஷினில் டைரக்ட்டிராவைத் தேர்ந்தெடுங்கள். டைரக்ட்3டி அதில் இழுக்கும், அழகும் கூடாது. ரெண்டு மிஷினிலும் ஒரே பேட்ச் எண் இருக்க வேண்டும், மெனு திரையின் மூலையில் எண் தெரியும். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் ஜாயின் ஆகாது.

பலமான மிஷின் ஹோஸ்ட் ஆகட்டும், அதாவது பி4. மல்டிபிளேயரில் டிசிபி/ஐபி கேம், ஹோஸ்ட். செலரானில் ஜாயின் கொடுத்து 192.168.50.2 அடியுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுவது: எக்ஸ்பி எஸ்பி2-வின் ஃபயர்வால் 'அனுமதிக்கவா' என்று கேட்கும் பெட்டி, முழுத்திரை கேமுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், ஜாயின் மட்டும் ஆகாது. முன்கூட்டியே கன்ட்ரோல் பேனலில் ஃபயர்வாலைத் திறந்து, எக்ஸெப்ஷனில் கேம் எக்ஸ்இ-யைச் சேர்த்துவிடுங்கள். கேம் பயன்படுத்தும் போர்ட் டிசிபி 4000.

ரெண்டாவது கேரக்டர் சும்மா ஊரில் நின்றாலும் கணக்கில் வரும். ஆள் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி ரெண்டால் வகுத்த மடங்குக்கு அரக்கர்களின் உயிர் ஏறும். ரெண்டு பேர் என்றால் ஒன்றரை மடங்கு, 8 பேர் என்றால் நாலரை. அனுபவப் புள்ளியும் அதற்கேற்ப கூடும். அதனால் முதல் கேரக்டர் பலமாக இருந்தால் ரெண்டாவதை ஊரில் நிறுத்துவது லாபம், இல்லையென்றால் வம்பு.

பெரும்பாலும் ரெண்டாவது மிஷினின் உபயோகம் பொருள் மாற்றுவதுதான். எக்ஸ்பான்ஷனில் பெட்டி 6-க்கு 8 கட்டம், அது சீக்கிரம் நிரம்பிவிடும். தரையில் போட்டு எடுப்பதை விட டிரேட் விண்டோவில் மாற்றுங்கள், தரையில் கிடப்பது நேரமானால் மறைந்துபோகும். லேன் கேமில் ஒவ்வொரு கேரக்டரும் அவரவர் ஹார்ட் டிஸ்க்கில்தான் சேமிப்பாகிறது. மாற்றிய கையோடு ரெண்டு பக்கமும் 'சேவ் அண்ட் எக்ஸிட்' கொடுத்து, திரும்ப நுழைந்து சரிபாருங்கள். நடுவில் கரண்ட் போனால் ஒரு பக்கம் பழைய நிலைக்குத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது. பொருள் ரெண்டாகலாம், இல்லாமலும் போகலாம். வாரத்துக்கு ஒரு தடவை சேவ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். 98-ல் பென்டிரைவுக்குத் தனி டிரைவர் வேண்டும், எக்ஸ்பி பக்கம் லேன் வழியாக இழுத்து அங்கிருந்து காப்பி பண்ணுவது சுலபம்.

---

ஓசூர்_மெக்கானிக்

கேவிஎம்மில் மானிட்டர் கேபிளை மாட்டாதீர்கள். உங்களுக்கு ரெண்டு ஸ்கிரீனும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். சிஆர்டி நேராகச் செலரானுக்கு, எல்சிடி நேராகப் பி4-க்கு. கீபோர்டும் மவுஸும் மட்டும் கேவிஎம் வழியாக. பெரும்பாலான கேவிஎம்மில் ஸ்க்ரோல் லாக்கை ரெண்டு தடவை தட்டினால் மாறும், இல்லாவிட்டால் முன்னால் பட்டன் இருக்கும்.

ஓடுவதற்கான கீயை அழுத்திக்கொண்டே மாற்றினால், அந்த மிஷினுக்குக் கீ விட்டது தெரியாமல் கேரக்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கையை எடுத்துவிட்டு மாற்றிப் பழகுங்கள். 98 பூட் ஆகும் நேரத்தில் கேவிஎம் அந்தப் பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மலிவு ரகத்தில் மவுஸ் காணாமல் போய், ரீஸ்டார்ட் பண்ணினால்தான் திரும்ப வரும். பிஎஸ்2 கேபிளைக் கரண்ட் ஓடும்போது பிடுங்கிச் செருகாதீர்கள், போர்டில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும்.

கரண்ட் கணக்கு. செலரான் கேபினட் சுமார் 60 வாட், 15 இன்ச் சிஆர்டி 75, பி4 கேபினட் 110, எல்சிடி 30. கூட்டினால் 275. உங்கள் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும், ஆகவே ஏறும். ஆனால் உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒன்று, ஏட்டுக்கணக்கில் 84 வாட்-அவர். இவ்வளவு வேகமாக இழுத்தால் அதில் பாதிதான் கைக்கு வரும். புது பேட்டரியிலும் 10 நிமிஷத்தை எதிர்பார்க்காதீர்கள், மூன்று வருஷப் பேட்டரி என்றால் மூடுவதற்கே நேரம் போதாது. சிஆர்டியை யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிச் சுவர் பிளக்கில் போடுவது இன்னொரு வழி: கரண்ட் போனால் அந்தத் திரை இருண்டுவிடும், ஆனால் 98-ல் எஸ்கேப் அடித்து, மேல் அம்புக்குறியால் 'சேவ் அண்ட் எக்ஸிட்'டுக்குப் போய், என்டர் தட்டுவதைக் கண் தெரியாமலேயே செய்யலாம். பழகிவிடும்.

சிஆர்டியை யுபிஎஸ்ஸில்தான் வைப்பேன் என்றால், பேட்டரியில் ஓடும்போது அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள். ஆன் ஆகும் நொடியில் டீகாஸ் சுருள் (திரையின் காந்தத்தை நீக்குவது) பெரிய கரண்ட் இழுக்கும், யுபிஎஸ் ஓவர்லோடு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட் பண்ணிவிடும்.

எர்த்தையும் பாருங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரெண்டு கேபினட்டையும் லேன் கேபிள், கேவிஎம் கேபிள் எல்லாம் போட்டு இணைக்கிறீர்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது மட்டுமில்லை, கேவிஎம்மும் சேர்ந்து போகும்.

---

தகடூரான்

எர்த் பார்த்தாயிற்று, 1.4 வோல்ட். செலரானின் ஹார்ட் டிஸ்க் 10 ஜிபி, சத்தம் போடுகிறது. வீட்டில் 160 ஜிபி ஐடிஈ டிஸ்க் ஒன்று இருக்கிறது, அதை மாட்டலாமா?

---

ஓசூர்_மெக்கானிக்

அந்தக் காலத்து பயாஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது, சிலது 32 ஜிபியிலேயே நின்று பூட் ஆகாமல் தொங்கும். 98-ம் 137-க்கு மேல் எழுதினால் பழைய டேட்டாவின் மேலேயே எழுதிவிடும். டிஸ்க்கின் லேபிளில் 32 ஜிபிக்குச் சுருக்கும் ஜம்பர் நிலை போட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதை வைத்து மாட்டுங்கள். டயாப்லோவுக்கும் 98-க்கும் அதுவே அதிகம். டிஸ்க்கை மாஸ்டரில் வைத்து, 80 வயர் கேபிளின் கடைசி முனையில் செருகுங்கள். சிடி டிரைவ் ரெண்டாவது ஐடிஈ சேனலில் தனியாக இருக்கட்டும்.